அண்ணி தூங்கும்போது அடித்த வெயில்

எங்கள் தெருவில் ஒரு சலூன் உண்டு. அதற்குள் யாரும் குரல் எடுத்துப் பேச மாட்டார்கள். புதிதாக முடி வெட்ட வருகிறவர் வாசலிலேயே தயங்கி நின்றுவிடுவார். சுழல் நாற்காலியில் ஒருவர், பெஞ்சில் நாலு பேர், அத்தனை பேரும் ஒருவர் காதருகே ஒருவர் குனிந்து, கையை வீசி, கண்ணை உருட்டி, குசுகுசுவென்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். தேர்தலில் யார் ஜெயிப்பார், வெங்காயம் ஏன் இந்த விலை விற்கிறது, யார் மகன் யாரோடு ஓடிப்போனான், எல்லாம் மூச்சுக்காற்றிலேயே நடக்கும். ஒருவர் கொஞ்சம் சுதி ஏற்றினால் கடைக்காரர் கத்தரியை மேல்நோக்கிக் காட்டுவார். ஆள் அடங்கிவிடுவார். ஏனென்றால் கடைக்கு நேர் மேலே, மாடி அறையில், கடைக்காரரின் மனைவி தூங்கிக்கொண்டிருப்பார்.

நான் பக்கத்து வீடு. கடைக்காரர் எனக்கு அண்ணன், அவர் மனைவி அண்ணி. ரத்த சொந்தம் இல்லை. ஒரே மதில்சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல வருஷம் குடியிருந்தால் தானாக வருகிற சொந்தம். நான் சொல்லப்போவது அண்ணியைப் பற்றி.

அண்ணிக்குக் குடிநீர் நிலையத்தில் வேலை. ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் இருக்கும் பம்ப் ஹவுஸில் இரவு ஷிப்ட். பகலெல்லாம் ஊர் குடித்து, குளித்து, துவைத்துக் காலி செய்த பெரிய தொட்டியை ராத்திரியோடு ராத்திரியாக நிரப்பி வைக்க வேண்டும். தொட்டி குன்றின் மேல் இருக்கிறது. வடிகட்டிய தண்ணீரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவது மூன்று பெரிய மோட்டார்கள். அவற்றை ஓட்டுவதும், சூடு தொட்டுப் பார்ப்பதும், ஒன்று முனகினால் அதை நிறுத்தி இன்னொன்றை எழுப்புவதும் அண்ணியின் பொறுப்பு. நாங்கள் காலையில் குழாயைத் திறந்து முகம் கழுவும் தண்ணீர் அண்ணி ஏற்றிவிட்ட தண்ணீர்தான்.

பொழுது சாயும்போது கிளம்புவார். வெளுக்கும்போது வந்து சேருவார். வந்ததும் அண்ணனோடு சேர்ந்து ஒரு டம்ளர் காப்பி. அவர் கடையைத் திறக்கப் போவார், இவர் மாடிக்குப் படுக்கப் போவார். மாடி அறையின் ஜன்னல்களுக்குக் கருப்புத் துணி. காதில் பஞ்சு. இப்படிப் பத்தொன்பது வருஷம். அண்ணன் அவரை 'ராக்கோழி' என்றுதான் கூப்பிடுவார். அவர்களுடைய ஒரே மகள் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில், "எங்கம்மா என்ன பண்ணுவாங்கன்னா, தூங்குவாங்க" என்று சொன்னாளாம். அதை அண்ணி சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அடிக்கடி சொல்வார்.

அந்த நேரத்தில் ஆற்றங்கரைக்கு எந்த பஸ்ஸும் கிடையாது. அதனால் ஒரு பழைய பெட்ரோல் கார். அது கிளம்பும் சத்தம் எங்கள் வீட்டில் சாயங்காலத்துக்கு அடையாளம். மூன்று தரம் இருமும், ஒரு தரம் செருமும், பிறகு ஒரு புகையைக் கக்கிவிட்டு நகரும். இரவு வேலைக்கென்று சம்பளத்தோடு கொஞ்சம் அதிகப் படி உண்டு. அது முழுக்க பெட்ரோலுக்கே போய்விடும்.

"இராப்படிய எங்க ஆபீஸ் என் கையில குடுக்குது. நான் அதை அப்படியே கொண்டுபோய் பங்க்ல குடுக்குறேன். நடுவுல நான் ஒரு தபால்காரி, அவ்வளவுதான்" என்பார்.

ஒரு நாள் விடியற்காலையில் அண்ணி பால் வண்டியின் முன்சீட்டிலிருந்து இறங்கினார். கார் பாதி வழியில் நின்றுவிட்டது. மெக்கானிக் போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எஞ்சினைப் பிரித்துச் சரிபண்ணுகிற செலவுக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம் என்றார்.

அன்றைக்குச் சலூனில் பெரிய விவாதம். நான் முகச்சவரத்துக்காக நாற்காலியில் சாய்ந்திருந்தேன். பெஞ்சில் கணக்கர் ஐயா. ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். எண் என்றால் எச்சில் ஊறும் மனுஷன்.

"பேசாம இன்னொரு பெட்ரோல் வண்டியே வாங்குங்க" என்று கிசுகிசுத்தார் ஐயா. "பழகின சனியன். அதோட குணம் நமக்குத் தெரியும்."

"கரண்ட் கார் ஒண்ணு பார்த்தா என்ன?" என்றேன் நான், தாடையை அசைக்காமல்.

"நீயே கணக்குப் போட்டுப் பார்த்துட்டு வேணாம்னு விட்டவன்தானே?"

உண்மைதான். போன வருஷம் கூரையில் சோலார் பேனல் போட்டு, கரண்ட் கார் வாங்கி, வெயிலிலேயே ஓட்டிவிடலாம் என்று எனக்கும் ஓர் ஆசை வந்தது. ஐயாதான் உட்கார்ந்து கணக்குப் போட்டார். என் ஆபீஸ் கூப்பிடு தூரம். நான் பெட்ரோலுக்குச் செலவழிப்பதே கொஞ்சம். அதைவிட முக்கியமாக, கூரையில் வெயில் காயும் நேரமெல்லாம் என் கார் ஆபீஸ் வாசலில் நிற்கும். பகலில் விளைகிற கரண்டை மின்வாரியத்துக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, ராத்திரியில் அவர்களிடமிருந்தே முழு விலை கொடுத்து வாங்கி காருக்கு ஏற்ற வேண்டும். கட்டுபடியாகவில்லை. விட்டுவிட்டேன்.

"வெயில்ல ஓட்டணும்னா பகல்ல வண்டி வீட்ல நிக்கணும்" என்றார் ஐயா. "உனக்கே ஆகல. இவங்க வண்டி ஓடுறது ராத்திரியில. ராத்திரி வண்டிக்கு வெயில் கரண்டா? நிலா வெளிச்சத்துல ஓடுற கார் வந்தா சொல்லி அனுப்பு."

பெஞ்சில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அண்ணனும் சிரித்தார். கத்தி என் கன்னத்தில் பாதி தூரம் இறங்கியிருந்தது. அங்கேயே நின்றது.

"பகல்ல வண்டி வீட்ல நிக்கணும்..." என்று அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மதிலோரம் கார் வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது. எண்ணெய் சொட்டிச் சொட்டிக் கறுத்துப்போன தரை.

"எங்க வண்டி பகல் பூரா வேற எங்கய்யா நிக்குது?" என்று அண்ணன் கத்தினார். ஆமாம், கத்தினார். "அவ மேல தூங்குறா, அது கீழ தூங்குது!"

பெஞ்சே சேர்ந்து "உஷ்!" என்றது. மேலே கட்டில் கிறீச்சிட்டது. படியில் காலடி. கலைந்த தலையோடு அண்ணி வந்து நின்றார், ஒரு காதில் பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது.

"யாரு செத்தா?"

அண்ணன் பதறிப்போய் மேலே கையைக் காட்டி, வெளியே கையைக் காட்டி, வெயில், வண்டி, நிலா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அண்ணி ஒரு கொட்டாவி விட்டார்.

"எனக்குத் தூக்கம் வருது. சாயங்காலம் சொல்லுங்க."

திரும்பி மேலே போய்விட்டார்.

சாயங்காலம் ஐயா முறையாகக் கணக்குச் சொன்னார். அவர் சொன்ன விதம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவ்வளவு எளிமையாக யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

"பெட்ரோலுக்கு நூறு காசு ஆகுற தூரம்னு வச்சுக்கம்மா. அதே தூரத்துக்கு வீட்டு மீட்டர்ல இருந்து கரண்ட் எடுத்தா முப்பத்தஞ்சு காசு. உன் கூரையில இருந்து நேரா எடுத்தா பத்து காசு."

"வெயில் சும்மாதானே வருது? அதுக்கு எதுக்குப் பத்து காசு?"

"அந்தக் கரண்டை வாரியத்துக்கு வித்திருந்தா பத்து காசு வந்திருக்கும். வித்திருக்க வேண்டியதை நீ ஓட்டித் தீர்த்துட்ட. அதுவும் செலவுதான்." ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஒண்ணு. பேனலும் காரும் சும்மா வராது. போட்ட காசு திரும்ப ஆறேழு வருஷம் ஆகும். இன்னிக்கே லாபம்னு எவனாவது சொன்னா நம்பாதே."

அண்ணனும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களிடம் ஒரு சேமிப்பு இருந்தது. வீட்டின் பின்பக்கம், தெருச்சத்தம் கேட்காத இடத்தில், கனத்த சுவரோடு அண்ணி தூங்க ஓர் அறை கட்டுவதற்காகச் சேர்த்தது. பல வருஷக் கனவு. எந்தப் பக்கம் ஜன்னல், எந்தப் பக்கம் கட்டில் என்பதுவரை பேசி வைத்திருந்தார்கள்.

"ரூமா, பேனலா? தூங்கப் போறவ நீதான். நீயே சொல்லு" என்றார் அண்ணன்.

அண்ணி சொன்னார்: "ரூம் கட்டினா நல்லாத் தூங்குவேன். ஆனா தூங்கி எந்திரிச்சு மறுபடியும் பங்க்ல போய் வரிசையில நிக்கணும். பேனலே போடுங்க. உங்க கடை ஆளுங்கதான் வாயை மூடிப் பழகிட்டாங்களே."

பேனல் பொருத்திய நாட்களில் அண்ணி எங்கள் வீட்டுப் பின்னறையில் தூங்கினார். கூரையைத் துளைக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. என் மனைவி எங்கள் வீட்டில் பாத்திரத்தைக்கூடப் பூப்போல எடுத்து வைத்தாள். கார் ஏற்கெனவே ஒருவர் மூன்று வருஷம் ஓட்டிய சின்னக் கார். பின்பக்கக் கதவில் ஒரு சொட்டை. புதிதாக வாங்குகிற வசதி அவர்களுக்கு இல்லை. சார்ஜ் செய்யும் பெட்டியை மதிலோரம், அந்த எண்ணெய்க் கறைக்கு நேர் மேலே பொருத்தினார்கள்.

முதல் நாள் சாயங்காலம் அண்ணி கிளம்பியது எங்கள் யாருக்குமே தெரியவில்லை. இருமல் இல்லை, செருமல் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மதிலோரம் காலியாக இருந்தது. சத்தம் கேட்காததால் என் மனைவி, "அண்ணிக்கு இன்னிக்கு லீவா?" என்று கேட்டாள்.

மறுநாள் விடியும் நேரத்தில் நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். காற்று நகர்ந்து வந்தது மாதிரி கார் வந்து மதிலோரம் நின்றது. அண்ணி இறங்கவில்லை. ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து வாயில் நுரையோடு ஓடினேன்.

"அண்ணி? என்னாச்சு?"

கண்ணாடியை இறக்கினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போய் வந்தவர் முகம் என்றும் சொல்ல முடியாது. முதல் தடவை கடலைப் பார்த்த குழந்தையின் முகம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"தம்பி, இப்ப நான் ஓட்டிட்டு வந்தது, நேத்து நான் தூங்கும்போது அடிச்ச வெயிலுதானே?"

"ஆமா அண்ணி."

"நான் பார்க்கவே இல்லியே அதை."

பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"கருப்புத் துணிய இழுத்து விட்டுட்டுப் படுத்திருந்தேன். வெயில் எனக்கு ஆகாத பொருளுன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். அது வரக்கூடாது, வந்தா தூக்கம் போயிடும்னு. அந்த வெயிலு மேல வந்து, நான் தூங்குற ரூமுக்கு மேலயே உட்கார்ந்து, எனக்காகச் சேர்ந்துக்கிட்டே இருந்திருக்கு. கும்மிருட்டுல போறேன் தம்பி, ரோட்ல ஒரு விளக்கு கிடையாது. நேத்து மத்தியான வெயிலுதான் என்னைத் தூக்கிட்டுப் போகுது."

அதற்குள் அண்ணன் காப்பியோடு வந்துவிட்டார். அண்ணி அவரைப் பார்த்து, "ஏங்க, இது உங்களுக்கு ஆச்சரியமா இல்லியா?" என்று கேட்டார். அண்ணன், "சார்ஜ் எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்டார். அவர் கவலை அவருக்கு.

அன்றைக்கு அண்ணிக்குத் தூக்கம் வரவில்லை. அது ஒரு விடுமுறை நாள், நான் வீட்டில் இருந்தேன். நடுப்பகலில் மாடியில் துணி உலர்த்தப் போன என் மனைவி, "இங்க வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். பக்கத்து மாடியில், உச்சி வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அண்ணி நின்றிருந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேனல்களைப் பார்த்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். சுவரில் இறங்கும் கேபிளைக் கையால் பிடித்துப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டியில் காதை வைத்தார். பம்ப் ஹவுஸில் மோட்டார் மேல் அவர் காது வைக்கும் விதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"என்ன அண்ணி, பேசுதா?" என்று இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"அதான் தம்பி, ஒண்ணுமே பேசல." குரலை அடக்கத் தெரியாமல், ஏறக்குறைய கத்தினார். "எங்க மோட்டார் ஓடினா தரையே அதிரும். டம்ளர்ல தண்ணி வச்சா அலையடிக்கும். ஒரு பொருளைத் தூக்கணும்னா ஏதாவது ஒண்ணு கத்தணும், சூடாகணும், ஆடணும். அப்படித்தான் எனக்குத் தெரியும். இங்க எதுவும் அசையல. எதுவும் தேயல. கண்ணாடி மேல வெளிச்சம் விழுது, கீழ வண்டி நிறையுது."

பிறகு அவர் சொன்ன ஒன்றுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. அவருக்குத் தெரிந்த அளவுகோலால் அதை அளந்து பார்த்திருக்கிறார். ஒரு நாள் போய்வர அந்தக் கார் குடிக்கும் கரண்டை அவருடைய மோட்டாருக்குக் கொடுத்தால், முப்பதாயிரம் லிட்டர் தண்ணீரைக் குன்றுக்கு மேலே ஏற்றிவிடலாமாம்.

"நம்ம தெரு முழுசுக்கும் ஒரு நாள் தண்ணி தம்பி. இந்தத் தெருவுல இருக்கிற அத்தனை குடத்தையும் தலையில தூக்கிக்கிட்டுக் குன்று ஏறுறதா நினைச்சுப் பாருங்க. அவ்வளவு வேலையும் இந்தக் கண்ணாடி மேல சத்தம் போடாம வந்து விழுந்துக்கிட்டிருக்கு. நாம பிறக்கறதுக்கு முன்னாடியிருந்து விழுந்துக்கிட்டிருக்கு. இத்தனை காலமும் கூரை சூடாகுதுன்னு திட்டிக்கிட்டிருந்தோம்."

நானும் நிமிர்ந்து என் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். வெறும் சிமென்ட் தளம். அதன் மேலும் அதே வெயில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. அன்றுவரை அது எனக்கு வெறும் வெக்கை.

கூரை என்றதும் இன்னொன்று. பேனல் நிழலில் மாடி அறை முன்னைப்போல் கொதிக்கவில்லை. அண்ணி முன்பெல்லாம் மத்தியானம் வியர்த்து விழித்துக்கொள்வார். இப்போது சாயங்காலம் எழுப்பினால்தான் எழுந்தார். கணக்கர் ஐயா தன் கணக்கில் இதற்கு இடமில்லை என்று வருத்தப்பட்டார்.

எல்லாமே நன்றாக நடந்தது என்று சொன்னால் பொய். அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்காகச் சூரியனே வரவில்லை. பேனல் ஏதோ பேருக்குக் கொஞ்சம் சொட்டியது. மீட்டர் கரண்டில்தான் காரை ஓட்டினார்கள். அப்போதும் பெட்ரோலில் பாதிகூட ஆகவில்லை என்று ஐயா ஆறுதல் சொன்னார். அதோடு போகவில்லை. ஒரு புயல் காற்றில் எங்கள் பகுதியில் மின்கம்பங்கள் சாய்ந்தன. மறுநாள் பளிச்சென்று வெயில். ஆனால் அண்ணி வீட்டில் கரண்ட் இல்லை. தெருவில் கரண்ட் போனால், கம்பியில் வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து வரக்கூடாதென்று பேனலும் தானாக நின்றுவிடுமாம். அது எங்கள் யாருக்கும் தெரியாது. கூரை மேல் அவ்வளவு வெயில், கீழே விசிறி சுற்றவில்லை.

"கல்யாண வீட்டுக்கு வந்து பட்டினி கிடக்கிற மாதிரி இருக்கு" என்றார் அண்ணன்.

ஆனால் காரில் ஏற்கெனவே ஏறியிருந்தது மூன்று தடவை போய்வரப் போதும். பங்க்குகளில் கரண்ட் இல்லாமல் பெட்ரோல் ஊற்ற முடியவில்லை. பைக்குகள் தெருக்கோடிவரை நின்றன. அண்ணி அந்த வரிசையைத் தாண்டி வேலைக்குப் போனார். பம்ப் ஹவுஸுக்குத் தனி லைன். அந்த நாட்களில் ஊரில் விளக்கு இல்லை, ஆனால் தண்ணீர் வந்தது.

இப்படி இரண்டு வருஷம் போனது. அப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது.

பம்ப் ஹவுஸில் காலை ஷிப்ட் பார்த்தவர் ஓய்வு பெற்றார். அடுத்த மூப்பு அண்ணிக்குத்தான். விடியற்காலையில் போய் மத்தியானம் திரும்பலாம். பத்தொன்பது வருஷம் காத்திருந்து, பிறகு காத்திருப்பதையே மறந்துபோன ஒன்று, இருபத்தோராவது வருஷத்தில் வீடு தேடி வந்தது. வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும்.

சலூனில் மறுபடியும் கூட்டம் கூடியது. ஐயா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இனிமே வெயில் வீட்ல, வண்டி வெளியில. இவன் கதைதான்" என்று என்னைக் காட்டினார். "இராப்படியும் போச்சு. போட்ட காசு திரும்ப இன்னும் நாலஞ்சு வருஷம் பாக்கி இருக்கு. அது முடியட்டும், அப்புறம் மாறிக்கலாமே?"

அண்ணனுக்கும் அந்த நினைப்பு இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. அண்ணி அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை. ஒரு நாள் மதில் ஓரமாக என்னிடம் கேட்டார்.

"தம்பி, நான் நன்றி கெட்டவளா? எனக்காக அவ்வளவு பண்ணின வெயிலை விட்டுட்டுப் போறேனா?"

"விட்டுட்டு எங்க போறீங்க? அதுக்குள்ளயேதானே போறீங்க" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது.

அண்ணி வீட்டுக்குள் போய் அண்ணனிடம் சொன்னது எங்கள் பக்கம்வரை கேட்டது. "ஏங்க, இருபத்தொரு வருஷமா வெயில் என் கூரை மேல விழுந்துச்சு, என் வண்டி மேல விழுந்துச்சு. இனிமே என் மேல கொஞ்சம் விழட்டும். கணக்கு கொஞ்சம் முன்னப் பின்ன ஆனா ஆகட்டும்."

அண்ணன் சொன்னது: "நாளைக்கே எழுதிக் குடுத்துடு. எனக்கும் ஒரு நாளாவது உன்னோட சேர்ந்து சாயங்காலம் உட்காரணும்."

கணக்கும் அவ்வளவு மோசமாகப் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் அண்ணி வீடு திரும்பிவிடுகிறார். வந்ததும் காரைச் சொருகினால் பொழுது சாயும்வரை ஏறுகிறது. வார விடுமுறையில் நாள் முழுக்க. மழை நாட்களில் மட்டும் மீட்டர். ஐயா பல மாதம் பொறுமையாகக் கவனித்துவிட்டு, "பத்து காசு பதினேழரை காசு ஆயிருக்கு" என்று அறிவித்தார். "நூறோட ஒப்பிட்டா இதுவும் தூசு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்." தன் கணக்கு தப்பியதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். மாடியில் யாரும் தூங்காவிட்டாலும் சலூனில் இன்னும் குசுகுசுதான். சத்தம் போட்டால் விவாதத்தில் ருசி இல்லை என்கிறார்கள்.

காலை ஷிப்ட்டின் முதல் நாள், பத்து மணி வாக்கில், சலூன் போன் அடித்தது. அண்ணன் எடுத்தார். மறுமுனையில் மோட்டார் இரைச்சல், அதற்கு மேல் அண்ணியின் குரல்.

"ஏங்க, இந்த ஆறு பச்சையா இருக்குங்க!"

"என்னது?"

"ஆறு! பச்சை கலர்! அக்கரையில மணல் திட்டு இருக்கு, நாணல் இருக்கு. இருபத்தொரு வருஷமா எனக்கு ஆறுன்னா ஒரு சத்தம்தாங்க. விளக்கடியில தெரியற அந்தக் கறுப்புத் தண்ணிதான். அது இவ்வளவு அகலம்னு யாருமே சொல்லலியே!"

நடுவில் ஒரு தரமோ இரண்டு தரமோ அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தபோது பகலில் போயிருக்கிறார். கட்டடத்துக்குள் கைகட்டி நின்றுவிட்டு வந்திருக்கிறார். ஆற்றைப் பார்க்கத் தோன்றவில்லையாம்.

அண்ணன் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியில் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு இருந்தவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

அடுத்த கடை விடுமுறையில் அண்ணி எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். முன்னால் அண்ணன், பின்னால் நானும் என் மனைவியும். பம்ப் ஹவுஸைத் தாண்டி ஆற்றோரமாக ஒரு மண்பாதை போகிறது. அண்ணி அதில் காரைத் திருப்பி, நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பாதை ஒரு வளைவில் திரும்பியது. எங்களுக்கு முன்னால் பாதை முழுக்கப் பறவைகள். கொக்குகள், நாரைகள், பெயர் தெரியாத சாம்பல் நிறக் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில்.

நாங்கள் நிறுத்தச் சொல்வதற்குள் கார் அவற்றுக்கு நடுவே போய்விட்டது. ஒன்றுகூடப் பறக்கவில்லை. சத்தம் இல்லாததால் அவற்றுக்கு நாங்கள் ஒரு பொருட்டாகவே படவில்லை போலிருக்கிறது. ஒதுங்கி வழி விட்டன, அவ்வளவுதான். ஒரு பெரிய நாரை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று கழுத்தைச் சாய்த்து, அண்ணியைக் கண்ணுக்குக் கண் பார்த்தது. அதன் அலகில் ஈரம் மின்னியது. என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் நால்வரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம்.

அண்ணி பிரேக்கில் காலை வைத்தார். கார் நின்றது, நின்றதற்கும் ஓடியதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. தலைக்கு நேர் மேலே வெயில். தண்ணீரிலும் வெயில், சிறகுகளிலும் வெயில், ஸ்டியரிங் மேல் இருந்த அண்ணியின் கையிலும் வெயில். அந்தக் கையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போலாமா?" என்று அண்ணன் ரகசியக் குரலில் கேட்டார்.

"இருங்க" என்றார் அண்ணி. "இன்னும் கொஞ்ச நேரம்."